பொலிரோவில் சீட்டுக்குப் பின்னால் கம்பித் தடுப்பு போடலாமா?

ஊட்டிக்காரன்: பின்னால் கேரட் மூட்டையும் மருந்தடிக்கிற பம்பும், நடு சீட்டில் பிள்ளைகள். கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு, பிரேக்கை அழுத்தினாலே எல்லாம் முன்னால் சரிகிறது. கயிற்று வலை போதுமா?

மலைப்பாதை: போதாது அண்ணே, அது குடை, கைப்பை மாதிரி லேசான சாமானுக்குத்தான். இரும்புச் சட்டம் வைத்து, போல்ட்டுக்குப் பின்னால் தடித்த பிளேட் கொடுத்து முறுக்குங்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற ஆற்றல் நாலு மடங்கு, தகரத்தில் வெறும் ஸ்க்ரூ என்றால் பிய்த்துக்கொண்டு வரும்.

பட்டறை: துளை போடும் முன் ஒயரிங்கும் அடியில் டீசல் டேங்கும் எங்கே என்று பாருங்கள். கர்ட்டன் ஏர்பேக் (மோதினால் கூரை ஓரத்திலிருந்து திரை மாதிரி விரிகிற காற்றுப்பை) உள்ள வண்டி என்றால் கூரை ஓரத்தில் கையே வைக்காதீர்கள். அப்புறம், துளை ஓரத்தில் ரெட் ஆக்சைடு பூசுங்கள், நம்ம மலை ஈரத்துக்குத் துரு சீக்கிரம் ஏறும்.

ஊட்டிக்காரன்: சரி, அப்போ பம்பை அடுக்கின மூட்டை மேலேயே வைக்கலாமா?

மலைப்பாதை: வேண்டாம். கனமானதெல்லாம் தரையில், சீட்டை ஒட்டி.