ரிலீவிங் லெட்டர் தரவில்லை, ஜூன் 15 ஜாயினிங் – வழி சொல்லுங்க

வணக்கம். திருச்சி துவாக்குடியில் ஒரு பாய்லர் ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் 6 வருஷம் குவாலிட்டி இன்ஜினியரா இருந்தேன். இப்போ ஒரு பெரிய கனரகத் தொழில் நிறுவனத்தில் வெல்டிங் பிரிவுக்கு ஆஃபர் வந்திருக்கு. பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர் தர மறுக்குது.

மார்ச் 16 ராஜினாமா மெயில். 60 நாள் நோட்டீஸ் முழுசா பார்த்துட்டு மே 15 வெளியே வந்தேன். "ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி நிரப்பி அழுத்தம் ஏத்திப் பார்க்குற சோதனை) முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு இழுக்குறாங்க. ஹேண்ட்ஓவர் ஷீட்டில் மேனேஜர் கையெழுத்து இருக்கு. எச்.ஆருக்கு 4 மெயில் போட்டாச்சு, நேர்லயும் 2 தடவை போனேன். வேலையை விட்டதுக்குச் சான்றா பி.எஃப்.ல வெளியேறிய தேதியை நானே போடலாம்னா, கடைசிச் சந்தாவுக்கு அப்புறம் 2 மாசம் ஆகணும். அதுக்குள்ள ஜாயினிங் தேதி போயிடும்.

மூணு ரவுண்ட் தாண்டிக் கிடைச்ச வேலைங்க. கடைசி ரவுண்டில் ஒரு பைப் டிராயிங்கை விரிச்சு, "பி91 ஜாயின்ட். வெல்டிங் முடிஞ்ச சூட்டோட ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்ணலாமா?"னு கேட்டாங்க. (பி91ங்கிறது அதிகச் சூடு தாங்குற குரோமியம் ஸ்டீல்; ஸ்ட்ரெஸ் ரிலீவ்னா வெல்டிங்கால வந்த உள் இறுக்கம் குறைய மறுபடி சூடேத்துறது.) கூடாது, 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, ஸ்டீல் மார்ட்டென்சைட்டா (கடினமான உள் அமைப்பா) மாறின பிறகுதான் 760 பக்கம் ஏத்தணும்னு சொன்னேன். ராத்திரி ஷிப்ட்ல வெப்பநிலையைப் பதியுற தெர்மோகப்பிள் சார்ட் பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டது அது. இந்த வேலையைக் கைவிட மனசே இல்லை.

கையில் இருப்பது: ராஜினாமாவை ஏற்ற மெயில், ஹேண்ட்ஓவர் ஷீட், 6 மாச பே ஸ்லிப், ஃபார்ம் 16.

ரிலீவிங் லெட்டருக்குப் பதிலா இவற்றை வெச்சு பெரிய கம்பெனியில் சேர்ந்தவங்க யாராவது இருக்கீங்களா, எச்.ஆர்.கிட்ட எதை எழுதிக் கொடுத்தீங்க?