எழுதியது அவரா, நீங்களா?

கோடிங் பணியாளர்:
மருத்துவர் எழுதும் நோய்களுக்கு ஐசிடி-10 என்ற பட்டியலிலிருந்து குறியீடு போடுவது என் வேலை. அமில எதுக்களிப்புக் கோப்புகள், அதாவது இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறும் நோய் பற்றியவை, நாள்தோறும் என் கையில் வந்து விழும். உணவுக்குழாயில் அழற்சி இல்லையென்றால் கே21.9. இருந்தால் கே21.0. பட்டியலின் அமெரிக்கப் பதிப்பில் 2020 அக்டோபர் முதல் அதையும் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: ரத்தக்கசிவு இல்லாவிட்டால் கே21.00, இருந்தால் கே21.01. இவ்வளவு எளிய இடத்தில்தான் நான் சறுக்கினேன்.

ஓர் எண்டோஸ்கோபி அறிக்கை. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில், மடிப்பின் மேல் 7 மி.மீ. நீளத்துக்குச் சளிச்சவ்வு சிதைந்திருப்பதாக மருத்துவர் எழுதியிருந்தார். முடிவு என்ற இடத்தில் மட்டும் வெறும் 'எதுக்களிப்பு நோய்'. சிதைவு 5 மி.மீ.யைத் தாண்டி, அடுத்த மடிப்போடு சேராமல் நின்றால் உணவுக்குழாய் அழற்சியின் தீவிரத்தை 'ஏ' முதல் 'டி' வரை பிரிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் வகைப்பாட்டில் அது 'பி' நிலை. இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கே21.00 போட்டுவிட்டேன். தணிக்கையில் பிழை என்று திரும்பி வந்தது. அளவே கண்ணெதிரில் இருக்கிறதே என்று சண்டைக்குப் போனேன். தணிக்கை செய்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "அழற்சி என்று எழுதியது யார்? அவரா, நீங்களா?"

வாயடைத்துப் போய் மருத்துவருக்குக் கேள்வி அனுப்பினேன். 'எதுக்களிப்பால் உணவுக்குழாய் அழற்சி, நிலை பி, ரத்தக்கசிவு இல்லை' என்று மறுநாளே பிற்சேர்க்கை வந்தது. நான் போட்ட குறியீடுதான் கடைசியில் நின்றது. பிழைக் கணக்கும் என் பெயரில் நின்றது. புறநோயாளி சீட்டில் 'எதுக்களிப்பாக இருக்கலாம்' என்று இருந்தாலும் இதே கதைதான். 'இருக்கலாம்' என்பதற்குக் குறியீடு போட முடியாது, நெஞ்செரிச்சலுக்கான ஆர்12 மட்டுமே.

நோயாளி ஒருவர்:
எனக்குக் குறியீடெல்லாம் தெரியாது. படுத்தால் நெஞ்சுக்குழியில் எரியும், புளித்த நீர் தொண்டை வரை ஏறும். இதயமோ என்று பயந்து ஈசிஜி எடுத்தேன், அதில் ஒன்றுமில்லை. அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டப்ரசோல் மாத்திரையை இரண்டு மாதம் விழுங்கிய பிறகு எண்டோஸ்கோபி செய்தார்கள். உணவுக்குழாய் சுத்தமாக இருக்கிறதாம். பட்டதெல்லாம் கற்பனையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இன்னொரு மருத்துவர் அறிக்கையைப் பிரிக்கும் முன்பே கேட்டார்: "மாத்திரையை நிறுத்திவிட்டா பார்த்தார்கள்?" அந்த மாத்திரையே புண்ணை ஆற்றியிருக்கும் என்றார். அவர் சொல்படி மூன்று வாரம் நிறுத்தினேன். அந்த மூன்று வாரமும் நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூக்கம். மறுபடி குழாயை இறக்கியபோது, நீங்கள் சொல்லும் அதே 'பி' நிலை.

கோடிங் பணியாளர்:
எதுக்களிப்பு நோய் என்று எழுதியிருந்தால், உங்கள் முதல் அறிக்கைக்கு நான் கே21.9 போட்டிருப்பேன். இரண்டாவதற்கு கே21.00. 'பி' நிலைக்கென்று தனி எண் கிடையாது. 'ஏ' முதல் 'டி' வரை ரத்தக்கசிவு இல்லாத எல்லாவற்றுக்கும் அதேதான். நாற்காலியில் தூங்கியதற்கும் எண் இல்லை.