முதுகு ஊசியும் அப்பா கேட்ட சுத்தியல் சத்தமும்

செல்லூர்க்காரி:

போன மாதம் அப்பா வாசல்படியில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. வயது 71. நாற்பது வருடம் மரத்தூளை மூச்சில் இழுத்த தச்சர். போதாக்குறைக்குப் பீடி வேறு. நாலு படி ஏறினாலே இளைக்கும். மூட்டில் பாதியை எடுத்துவிட்டு உலோகத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்குக்கூட யாரும் பெரிதாகப் பதறவில்லை. “முதுகுல ஊசி போட்டு, முழிச்சிருக்கும்போதே செஞ்சிரலாம்” என்றதும்தான் வீட்டில் ரகளை. என்னைப் பெற்றபோது போட்ட முதுகு ஊசியால்தான் முப்பத்தைந்து வருடமாகத் தனக்கு இடுப்பு வலி என்பது அம்மாவின் கட்சி. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அந்தக் கட்சிதான்.

மயக்க டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகப் பேசினார். “முழு மயக்கம்னா தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல மூச்சு விட வைக்கணும். ஐயாவோட நுரையீரலுக்கு அந்த மெஷினை விட்டு வெளிய வர்றதுதான் சிரமம். இதுன்னா அவரே மூச்சு விட்டுக்குவாரு.” அம்மாவுக்கும் பதில் சொன்னார். குத்திய இடம் சில நாள் நோகலாம். வருடக்கணக்கான வலிக்கு ஊசி காரணமில்லை, சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் அந்த வலி வருகிறதே என்றார். அம்மா நம்பவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே நடந்தது அப்பா சொல்லித்தான் தெரியும். உடைந்த காலோடு எப்படி உட்கார வைப்பார்கள் என்று நாங்கள் பயந்தோம். அதற்கு முன்னாலேயே ஸ்கேனில் பார்த்துத் தொடை இடுக்கில் ஒரு மரப்பு ஊசி போட்டிருக்கிறார்கள். அப்புறம் நாடி நெஞ்சில் படக் குனியச் சொல்லி முதுகில் ஒன்று. கால் சூடாகி, கனத்து, “என் காலு மாதிரியே இல்லத்தா” என்றார். ஸ்பிரிட் பஞ்சை வயிற்றிலிருந்து கீழே தடவி, ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார்களாம். தொடையில் ஜில்லிப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் திரை கட்டினார்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் முதலில் ரம்பம். பிறகு அரத்தால் ராவுகிற சத்தம். பிறகு சுத்தியல். “டொக்கு டொக்குன்னு அடிச்சாங்க. திடீர்னு கணீர்னு மாறுச்சு. சரி, இறுகிருச்சுன்னு நான் சொல்றேன், டாக்டர் சிரிக்கிறாரு.” எலும்பு டாக்டரிடம் பின்னால் கேட்டேன். அவர்களும் அந்தச் சத்தம் மாறுவதைக் காது கொடுத்துக் கேட்பார்களாம். சாயங்காலம் அப்பா வார்டில் காபி குடித்தார். மறுநாள் வாக்கரைப் பிடித்து நின்றார். உங்களில் யாருக்காவது இப்படி முழித்திருந்தே ஆபரேஷன் நடந்திருந்தால் எழுதுங்கள்.

பாலமேட்டுத் தம்பி:

எனக்கு முன்னங்கை. காளை முட்டி உடைந்தது என்று சொன்னால் எங்கள் ஊரில் கெத்து. உண்மை என்னவென்றால், டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் புல்லுக்கட்டோடு சறுக்கினேன். காறை எலும்புக்கு மேலே, கழுத்தோரம் ஊசி. ஸ்கேன் திரையில் நரம்புகள் திராட்சைக் கொத்து மாதிரி தெரிந்தன. இருபது நிமிடத்தில் தோளிலிருந்து விரல் வரைக்கும் கை செத்துவிட்டது. தகடு வைத்துத் திருகாணி முடுக்கும்போது நான் மயக்க டாக்டரோடு ஐ.பி.எல். பேசிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி தூக்கத்தில் அந்தக் கையே என் முகத்தில் தொப்பென்று விழுந்தது. யாரோ அடித்துவிட்டார்கள் என்று எழுந்தேன். மரத்த கையைக் கழுத்தில் மாட்டுகிற தூக்குத் துணியில் கட்டியே வைத்திருக்க வேண்டும், சூடு பட்டாலும் தெரியாது.

ஒரே ஒரு குறை. ஊசி விட்டுப்போகும்போது வலி மொத்தமாக ஏறும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. விடிகாலை மூணு மணிக்கு அழுதுவிட்டேன். மரப்பு இருக்கும்போதே வலி மாத்திரையைப் போட்டிருக்க வேண்டுமாம். கையில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள் இதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலூர் மதினி:

செல்லூர் அக்கா, உங்கள் அம்மா கட்சியில் நானும் கொஞ்ச நாள் இருந்தேன். ரெண்டாவது பிள்ளைக்கு முதுகு ஊசி. கிழித்தது தெரியவில்லை. யாரோ வயிற்றுக்குள் கைவிட்டுத் துணி அலசுகிற மாதிரி இழுப்பும் தள்ளலும் மட்டும் தெரிந்தது. பல் கிடுகிடுவென்று நடுங்கியது, போர்வை மேல் போர்வை போட்டார்கள். ஆனால் பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்டேன். மூத்தவனுக்கு முழு மயக்கம். அவனை நான் பார்க்கும்போது ஊரே பார்த்து முடித்திருந்தது.

மறுநாள் எழுந்து உட்கார்ந்தால் பிடரியிலிருந்து நெற்றி வரை மண்டை பிளந்தது. படுத்தால் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். தலையணை வைத்ததுதான் காரணம் என்று அத்தை சொன்னார். டாக்டர் இல்லை என்றார். ஊசி போன ஓட்டை வழியாகத் தண்டுவட நீர் கசிகிறது, அதனால் உட்காரும்போது வலிக்கிறது, தலையணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மெல்லிய, பென்சில் முனை ஊசிகள் வந்த பிறகு இது நிறையக் குறைந்துவிட்டதாம். எனக்கு எப்படியோ வந்தது. தண்ணீர், வலி மாத்திரை, காபி. அடங்காவிட்டால் கையிலிருந்து என் ரத்தத்தையே எடுத்து முதுகில் அதே இடத்தில் செலுத்தி அடைப்பார்களாம். அதுவரை போகவில்லை, நாலாம் நாள் சரியானது. பத்தியச் சாப்பாட்டுக்கு நடுவில் டாக்டர் சொல்லி வந்த காபி, அது தனி சுகம்.

தியேட்டர் சிஸ்டர் (ஓய்வு):

மேலூர் மதினி, உங்கள் தலைவலிக்கு 100 வயசுக்கு மேல் ஆகிறது. 1898இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்கிற டாக்டர்தான் முதுகு ஊசியில் ஆபரேஷனைத் தொடங்கிவைத்தார். அன்றைக்கு மருந்து கோக்கைன். தன் முதுகிலும் குத்தவிட்டு, தன் உதவியாளருக்கும் போட்டு, மரத்துவிட்டதா என்று பார்க்க உதவியாளரின் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் சுத்தியலால் அடித்தார். உதவியாளருக்கு வலிக்கவில்லை. செல்லூர் ஐயா கேட்ட சுத்தியல் இதற்குத் தேவலை. அப்புறம் இரண்டு பேருக்குமே தலைவலி.

ஊசி நரம்பில் குத்திக் கால் விழுந்துவிடாதா என்று தினம் நாலு பேர் கேட்பார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்குக் கீழே, நீரில் நரம்புகள் குதிரைவால் மாதிரி மிதக்கிற இடத்தில். போகிற மருந்து மூணு மில்லிக்கு மேல் பெரும்பாலும் இருக்காது.

எனக்குக் கோபம் வருவது ஒன்றில்தான். “முதுகுலதானே ஊசி” என்று ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, வெறும் வயிறு என்று சாதிப்பவர்கள். ஊசி சரியாக ஏறவில்லை என்றால் முழு மயக்கத்துக்குப் போக வேண்டும். அப்போது அந்த இட்லி வயிற்றிலிருந்து நுரையீரலுக்குப் போகும். அதே மாதிரி, இதயத்துக்கு க்ளோபிடோக்ரல் என்கிற, ரத்தத்தை உறையவிடாத மாத்திரை சாப்பிடுவதை மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் முதுகுக்குள் கட்டினால் கால் போய்விடும். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய டாக்டரைக் கேட்டுத்தான்.

இன்னொன்று. முதுகு ஊசிதான் எல்லாருக்கும் உசத்தி என்று அடித்துப் பேச வேண்டாம். இடுப்பு முறிந்த 1,600 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்த்தார்கள், 2021இல் முடிவு வந்தது. 60 நாள் கழித்து உயிரோடு இருப்பதிலும் நடப்பதிலும் முதுகு ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இளைப்பு உள்ள ஐயாவுக்கு அந்த டாக்டர் யோசித்துச் செய்தது சரி. அடுத்தவருக்கு வேறாக இருக்கும்.

திருமங்கலம்:

கண் ஆபரேஷனை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில்தான் எங்கள் அப்பத்தாவுக்குப் புரை எடுத்தது. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி, அவ்வளவுதான் மயக்கம். ஆபரேஷன் முடிந்ததா என்றுகூடத் தெரியாமல் “எப்ப ஆரம்பிப்பீக” என்று கேட்டதாம் கிழவி.

செல்லூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுத்தியல் எத்தனை கிராம் என்று கேட்கிறார். திருமங்கலத்தார் எழுதியதை அம்மாவுக்கு வாசித்தேன், அவளுக்கும் ஒரு கண்ணில் புரை இருக்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஊசி முதுகுல இல்லைல?”