ஜென்னில் எஸ்டீம் 1.3 இன்ஜின்: வளைவில் ஆயில் லைட் மின்னுது, மூணாவது சுற்றில் சூடு ஏறுது

ஜென்_பதிமூணு

வணக்கம். 2001 மாடல் ஜென் எம்பிஎஃப்ஐ. அதில் எஸ்டீமின் ஜி13பிபி இன்ஜின் (1298 சிசி, 16 வால்வு) ஏற்றியாச்சு. கியர்பாக்ஸ், ஈசியு, வயரிங் எல்லாம் இன்ஜினோடு வந்த எஸ்டீம் சாமான்தான். ரேடியேட்டர் மட்டும் பழைய ஜென்னுடையது. சீட், கார்ப்பெட், ஏசி எல்லாம் கழட்டியாச்சு. டிராக்குக்கு மட்டும்தான் வண்டி, டிரெய்லரில்தான் போய் வரும். டயர் 175/60 ஆர்13. ஆயில் 20டபிள்யூ50, டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரைக்கும் இருக்கு.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ரெண்டு பிரச்சினை. நீளமான வளைவுகளில் ஆயில் லைட் ஒரு நொடி மின்னி அணையுது. நேர்பாதையில் வரவே வராது. அடுத்தது, மூணாவது சுற்றுக்கு மேல் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பிக்குது. ஒரு சுற்று மெதுவா ஓட்டினா இறங்கிடுது. ஐடிலிங்கில் ஃபேன் ஒழுங்கா வேலை செய்யுது.

இன்னும் தடித்த ஆயில் போட்டா லைட் நிற்குமா? ரேடியேட்டர் மாத்தியே ஆகணுமா? அடுத்த டிராக் டேக்கு முன்னாடி எதை முதலில் பார்க்கறது?

பட்டறை_அம்பத்தூர்

முதல் வேலை, அந்த லைட்டுக்குக் காரணம் தெரியும்வரை வண்டியை டிராக்கில் இறக்காதீங்க. சூடு விஷயம் ரெண்டாவது.

ஆயில் லைட் சுவிட்ச் பொதுவா 0.3 பார் பக்கத்தில்தான் எரியும், அதாவது 4 அல்லது 5 பிஎஸ்ஐ. நீங்க வளைவில் 5000 ஆர்பிஎம்மில் இருக்கும்போது பேரிங்குக்கு வேண்டியது 50 பிஎஸ்ஐ. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு. லைட் மின்னுதுன்னா அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குப் போயிட்டு வந்திருக்கு. 20 பிஎஸ்ஐ-க்கு விழுந்த நேரங்களில் லைட் எதையும் காட்டியிருக்காது.

காரணம் சேம்பரில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில் இருக்கு. நல்ல டயரில் வளைவில் 0.9 ஜி வந்தா, சேம்பருக்குள்ள ஆயிலின் மட்டம் 40 டிகிரிக்கு மேல் சாயும். ஆயில் மொத்தமும் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும், உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். ரோட்டு வண்டி சேம்பர் இந்த அளவு சாய்வு ரெண்டு மூணு நொடி நீடிக்கும்னு நினைச்சு செஞ்சது இல்லை.

தடித்த ஆயில் இதைச் சரி பண்ணாது, மோசமாக்கும். ஹெட்டில் இருந்து கீழே இறங்க அதுக்கு நேரம் பிடிக்கும். அதிக ஆர்பிஎம்மில் பாதி ஆயில் மேலேயே தங்கிட்டா சேம்பரில் இன்னும் குறையும். நல்ல சிந்தெட்டிக் 10டபிள்யூ40 போதும்.

செய்ய வேண்டியது: ஆயிலை வடிச்சு, ஃபில்டரை வெட்டித் திறங்க. ஹாக்சா வேண்டாம், அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டர் அல்லது தகடு வெட்டும் கத்திரி. காகித மடிப்பை விரிச்சு வெயிலில் பிடிச்சுப் பாருங்க. துகள் இருந்தா காந்தம் வெச்சுப் பாருங்க. அதை இங்கே எழுதுங்க, மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

ரேடியேட்டர்_ரசிகன்

சூடு பற்றி. இன்ஜின் முழு திராட்டிலில் கொடுக்கும் சக்திக்குக் கிட்டத்தட்ட சமமான வெப்பம் கூலண்ட்டுக்குப் போகும். ஜென் எம்பிஎஃப்ஐ 60 பிஎச்பி, ஜி13பிபி 85. அந்த ரேடியேட்டர் 60-க்குப் போட்டது. ரோட்டில் முழு திராட்டில் சில நொடிதான். டிராக்கில் சுற்றின் பெரும்பகுதி. மூணாவது சுற்றில் ஏறி மெதுவா ஓட்டினா இறங்குதுன்னா வெப்பத்தை வெளியே தள்ளும் திறன் போதலைன்னு அர்த்தம். அடைப்போ ஃபேனோ இல்லை.

ஆனா ரேடியேட்டருக்குக் காசு போடறதுக்கு முன்னாடி ஹெட் காஸ்கெட்டைப் பாருங்க. ஜி13 பிளாக்கும் அலுமினியம், ஹெட்டும் அலுமினியம். ஒரு தடவை நல்லா கொதிச்சாலே ஹெட் வளையும். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவ டெஸ்டர் கிடைக்குது. மஞ்சளா மாறினா எரிவாயு கூலண்ட்டில் கலக்குது, மிச்சக் கூலிங் வேலையெல்லாம் அப்புறம்தான்.

காஸ்கெட் நல்லா இருந்தா, ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அடைங்க. பம்பருக்குள் நுழைந்த காற்று சுலபமான வழியைத்தான் தேடும். பக்கத்தில் ரெண்டு விரல் சந்து இருந்தா அதிலேயே போயிடும். 1 மிமீ அலுமினியத் தகடும் ஃபோமும் போட்டு, உள்ளே வந்த காற்று ரேடியேட்டர் வழியாத்தான் வெளியேறணும்னு கட்டாயப்படுத்துங்க. இதுக்கு ஆகும் செலவு சொற்பம், கிடைக்கும் பலன் பெரிசு. அதுக்கப்புறமும் ஏறினா எஸ்டீம் ரேடியேட்டர் அல்லது ரெண்டு வரிசை அலுமினியம்.

கேப் புதுசா போடுங்க. 0.9 பார் கேப் ஒழுங்கா பிடிச்சா தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்த கேப்பில் 100-லேயே கொதிச்சு ஆவிப் பை உண்டாகும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடும் வைத்தியம் வேண்டாம்.

இன்னொண்ணு: வெளிக்காற்று எத்தனை டிகிரி கூடுதோ, கூலண்ட்டும் ஏறத்தாழ அத்தனை டிகிரி கூடும். டிசம்பர் காலையில் 25 டிகிரியில் 95 காட்டினா, மே மதியம் 38-ல் 108. சோதிக்கும்போது வெளி வெப்பத்தையும் குறிச்சு வைங்க.

லாம்டா_087

ரசிகன் சொல்லாத ஒரு சூட்டுக் காரணம் பெட்ரோல். இப்போ பங்கில் வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் 14.7, இ20-க்கு ஏறத்தாழ 13.5. அதாவது அதே காற்றுக்கு 8 சதவீதத்துக்கும் மேல் அதிகப் பெட்ரோல் வேணும். பாதி திராட்டிலில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து ஈசியு சரி பண்ணிக்கும். முழு திராட்டிலில் அது சென்சாரைக் கேட்காது, பழைய டேபிள்படிதான் ஊற்றும். லாம்டான்னா உள்ளே போற காற்று விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்த எண்; 1-க்குக் கீழே போனா பெட்ரோல் அதிகம். பழைய பெட்ரோலுக்கு லாம்டா 0.88 கொடுத்த டேபிள் இதில் 0.95 பக்கம் போகும்.

புகையில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் போட்டு, ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) எண்ணை விட்டுட்டு லாம்டாவைப் பாருங்க. முழு திராட்டிலில் 0.86 முதல் 0.88. அதுக்கு மேல போய் பெட்ரோல் குறைவா இருந்தா, மாற்றக்கூடிய பிரஷர் ரெகுலேட்டர் ஒரு எளிய வழி: பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலப்படி ஏறும், 8 சதவீதம் கூட்ட அழுத்தம் 17 சதவீதம் கூடணும். 2.5 பார் இருந்தா 2.9. கூடவே எல்லாப் பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ஹோஸா மாத்திடுங்க. இருபது வருஷ ரப்பர் உள்பக்கம் உரிஞ்சு இன்ஜெக்டரை அடைக்கும்.

ஜென்_பதிமூணு

நன்றி. ஃபில்டரை வெட்டியாச்சு. மடிப்புகளுக்குள்ள பளபளன்னு மெல்லிய துகள்கள், பரவலா இருக்கு. காந்தத்தில் ஒட்டலை. செம்பு நிறம் எதுவும் இல்லை. நீல டெஸ்டர் நிறம் மாறலை.

பட்டறை_அம்பத்தூர்

ஒட்டாத பளபளப்புன்னா பெரும்பாலும் பேரிங் மேற்பூச்சு, இல்லைன்னா பிஸ்டன் அலுமினியம். இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க. செம்பு தெரியலைங்கறது நல்ல செய்தி, கிராங்க் தப்பிச்சிருக்க வாய்ப்பு இருக்கு.

சேம்பரை இறக்குங்க. கனெக்டிங் ராடு கேப்பை ஒவ்வொண்ணா கழட்டுங்க, எண் போட்டு, எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே வைங்க. ஷெல்லில் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) சாம்பல் பூச்சு தேய்ஞ்சு கீழ் அடுக்கு தெரிஞ்சா முழு செட்டும் மாத்தணும். கிராங்க் ஜர்னலில் நகத்தை குறுக்கே ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டினா லேத்துக்குப் போயே ஆகணும். மாட்டலைன்னா பிளாஸ்டிகேஜ் (நசுங்கின அகலத்தை வெச்சு இடைவெளி சொல்லும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வெச்சு இடைவெளி அளந்து மேனுவல் அளவோடு ஒப்பிட்டுப் புது ஷெல் போடலாம். மெயின் பேரிங்கிலும் குறைஞ்சது ஒண்ணைத் திறந்து பாருங்க. ஆயில் பம்ப் ரிலீஃப் வால்வையும் கழுவுங்க, துகள் அதில் சிக்கினா திறந்தே நிற்கும்.

சேம்பர் கீழே இருக்கும்போதே பேஃபிள் (ஆயில் ஒரு பக்கம் ஓடாம தடுக்கும் தகடு) வேலையை முடிச்சிடுங்க. 1.6 மிமீ தகட்டில் உறிஞ்சு குழாயைச் சுற்றி நாலு பக்கப் பெட்டி. ஒவ்வொரு சுவரிலும் உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவு, சாதாரணக் கீல் போதும். ஆயில் உள்ளே வரலாம், சாயும்போது வெளியே போகக்கூடாது. பெட்டிக்கு மேல் மூடி, அதில் ஆயில் இறங்க ஓட்டைகள். குழாயின் வாய்க்கும் சேம்பர் தரைக்கும் 8 முதல் 10 மிமீ இருக்கணும்; களிமண் உருண்டை வெச்சு, காஸ்கெட்டோடு சேம்பரை ஏற்றி இறக்கி அளந்து பாருங்க. வெல்டிங் முடிஞ்சதும் சேம்பரின் விளிம்பைக் கண்ணாடி மேல வெச்சு நெளிவு பாருங்க. மேல் கோட்டுக்கு மேல அரை லிட்டர் ஊற்றும் பழக்கம் வேண்டாம். கிராங்க் அடிச்சு நுரையாகும், பம்ப் நுரையைத்தான் இழுக்கும்.

கடைசியா, ஆயில் லைட் சுவிட்ச் இடத்தில் ஒரு டி வடிவ ஜாயிண்ட் போட்டு பிரஷர் சென்சாரும் 20 பிஎஸ்ஐ-யில் எரியும் பெரிய சிவப்பு விளக்கும் வைங்க. விளக்கு கண் போற இடத்தில் இருக்கணும். வளைவில் கேஜைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

கோவை_கரி

இன்ஜின் திரும்ப ஏறினதும் சோதனை வரிசை. ஸ்பார்க் பிளக் இல்லாம கிராங்க் பண்ணி பிரஷர் வர்றவரை ஓட்டுங்க. அப்புறம் ஸ்டார்ட். சூடானதும் லீக்டவுன், அதாவது சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து எவ்வளவு கசியுதுன்னு பார்க்கும் சோதனை: 10 சதவீதத்துக்குள் இருந்தா நல்லது. 20 தாண்டினா காது வெச்சுக் கேளுங்க. திராட்டில் பாடியில் சீறினா இன்டேக் வால்வு, சைலன்சரில் எக்ஸாஸ்ட், ஆயில் மூடியில் ரிங்.

பேரிங் புதுசுன்னா டிராக்குக்கு முன்னாடி ஓட்டிப் பதப்படுத்தணும். மொத்தம் 3.7 கிமீ நீளமுள்ள எம்எம்ஆர்டியைவிட (உங்க இருங்காட்டுக்கோட்டை டிராக்தான்) கோவையில் இருக்கும் 2.1 கிமீ கரி மோட்டார் ஸ்பீட்வே இதுக்கு வசதி, ஏதாவது ஆனா பிட்டுக்கு சீக்கிரம் வந்துடலாம். முதல் செஷன் நாலு சுற்று, 5000 தாண்டாம. உள்ளே வந்து ஆயில் கசிவு, ஹோஸ் கிளிப், மவுண்ட் போல்ட் பாருங்க. போல்ட் எல்லாத்துக்கும் பெயிண்ட் கோடு போட்டு வெச்சா கோடு விலகினது கண்ணுக்குத் தெரியும். அடுத்த செஷன் ஆறு சுற்று, ஆர்பிஎம் ஆயிரம் ஆயிரமா கூட்டலாம். ஆயில் பிரஷர், கூலண்ட், லாம்டா மூணையும் ஜிபிஎஸ்ஸோடு லாக் பண்ணுங்க. வளைவின் பக்கவாட்டு ஜி-யையும் பிரஷரையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பார்த்தா பேஃபிள் வேலை செய்யுதான்னு உடனே தெரியும். டேங்கில் எப்பவும் மூணில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோல். இல்லைன்னா வளைவில் பம்ப் காற்றிழுத்து, நீங்க அதை இக்னிஷன் பிரச்சினைன்னு தேடிட்டு இருப்பீங்க.

பிரேக்கை யாரும் சொல்லலை. 85 பிஎச்பிக்கு ஜென் பிரேக்னா முதலில் கொதிக்கிறது திரவம். டாட் 4 புதுசா இருந்தா 230 டிகிரி, ஈரம் ஏறினா 155-லேயே கொதிக்கும், பெடல் தரைக்குப் போகும். டாட் 5.1 போட்டா அது 260-ம் 180-ம். திறந்த டப்பாவில் மிச்சம் வெச்சதை ஊற்றாதீங்க.

ஆக்சிலையும் பாருங்க. வண்டியை ஜாக்கியில் தூக்கி சக்கரம் முழுசா தொங்கும்போதும், ஷாக் முழுசா அமுங்கும்போதும் உள் ஜாயிண்ட் கடைசி வரை முட்டாம, கழன்று வராம இருக்கணும். ஸ்பிரிங்கைத் தாழ்த்தினா மறுபடி அளக்கணும்.