மீளடைப்பா, பன்முறை அடைப்பா?

ஐயா, வணக்கம்.

விழித்திரையின் கிளைத்தமனிகள் திரும்பத் திரும்ப அடைபடும் நோய்க்கு (recurrent branch retinal artery occlusion) நீங்கள் முன்வைத்த தமிழ்ப்பெயரான 'விழித்திரைக் குருதிக்குழாய் மீளுறைவு' பற்றிச் சில எண்ணங்கள்.

குழாய் என்ற பொதுச்சொல் இங்கே போதாது. விழித்திரையில் சிரை அடைபட்டால் இரத்தம் கசிந்து வீக்கம் வரும். தமனி அடைபட்டால் அந்தப் பகுதிக்கு இரத்தமே போகாது. அது வெளிறிப்போய், பார்வையில் ஒரு துண்டு காணாமல் போகும். மருத்துவமும் வேறு. அதனால் 'தமனி' பெயரிலேயே இருக்கட்டும். அடைபடுவது மையத் தமனி அல்ல, அதன் கிளை, ஆகவே 'கிளைத்தமனி'.

'உறைவு' வேண்டவே வேண்டாம். அது இரத்தம் உறைவதையே காரணமாகச் சொல்லிவிடும்; காரணம் வேறாகவும் இருக்கலாம். முதியவர்களுக்குப் பெரும்பாலும் கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ ஒரு துணுக்கு வந்து, கிளை பிரியும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். இளம் வயதில் திரும்பத் திரும்ப அடைபட்டால் முதலில் நினைக்க வேண்டியது சூசாக் நோய். ஜான் சூசாக் என்ற மருத்துவர் 1979-இல் இரண்டு பெண்களிடம் கண்டு விவரித்தது. நோயெதிர்ப்பு மண்டலமே நுண்தமனிகளின் உட்சுவரைத் தாக்குகிறது என்பது இன்றைய கருத்து. மூளை, உட்செவி, விழித்திரை மூன்றும் பாதிக்கப்படும். ஆனால் பெரும்பாலும் ஒரே நேரத்தில் அல்ல. குழப்பமும் மறதியும் நரம்பியல் மருத்துவரிடம் போகும், காது மந்தம் காது மருத்துவரிடம் போகும், கண் தனியாக நிற்கும். மூன்றையும் யாராவது சேர்த்துப் பார்ப்பதற்குள் பார்வையும் செவியும் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். 'மறுபடியும் வந்திருக்கிறதே' என்று பெயரே சொன்னால், கண் மருத்துவர் 'காது சரியாகக் கேட்கிறதா?' என்று கேட்பார். இதனால்தான் எனக்கு இந்தப் பெயரில் இவ்வளவு அக்கறை.

காரணத்தைப் பெயரில் வைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொன்றும் உண்டு. 1986-இல் கண் மருத்துவர் டொனால்ட் காஸும் உடன் ஆய்ந்தவர்களும் காரணம் புலப்படாத இதே வகை அடைப்புகளை விவரித்தார்கள். பெயர் அதற்கும் பொருந்த வேண்டும் அல்லவா?

சரி, 'மீள்'? மீளடைப்பு என்றால் ஸ்டென்ட் (குழாயைத் திறந்துவைக்கும் வலைக்குழல்) வைத்துத் திறந்த இடம் மறுபடி அடைபட்டது போலத் தோன்றும். இங்கே இன்று ஒரு கிளை, பிறகு வேறொரு கிளை, சில சமயம் மறு கண். 'தொடரடைப்பு' இடைவிடாமல் நடப்பதாகக் காட்டும். ஆகவே என் முன்மொழிவு: 'விழித்திரைக் கிளைத்தமனிப் பன்முறை அடைப்பு'. 'பன்முறை' முன்னால் போனால் விழித்திரையோடு ஒட்டிக்கொள்ளும். அடைப்புக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நோயாளிக்கான கையேட்டில் மட்டும், 'கண்ணின் சிறு தமனிகள் திரும்பத் திரும்ப அடைபடும் நோய்' என்றே எழுதிவிடலாம். உங்களுக்குச் சம்மதமா?