ஃபாசில் வேர்ட்: ‘தொடர்வாழ் சொல்’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

பொது வழக்கிலிருந்து போய்விட்ட ஒரு சொல், ஏதோ ஒரு மரபுத்தொடருக்குள் மட்டும் தங்கியிருந்தால் அதை ஆங்கிலத்தில் ஃபாசில் வேர்ட் என்கிறார்கள். இதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாகப் பரிந்துரைக்கப்பட்டிருக்கும் ‘புதைபடிவச் சொல்’, ‘எச்சச் சொல்’ இரண்டும் எனக்கு நெருடுகின்றன. காரணத்தைச் சொல்ல ‘ஆப்பிள் ஆஃப் மை ஐ’ என்ற தொடர் நன்றாக உதவும்.

பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ உயிராக நினைப்பவர்கள் சொல்வது அது. நம் ‘கண்ணின் மணி’தான். ஆனால் கண்ணுக்குள் ஆப்பிள் எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘ஆப்பிள்’ என்ற சொல்லுக்கு விழியின் உருண்டை, பாவை என்ற பொருளும் இருந்தது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் அரசர் பெயரில் வந்த, போப் கிரிகோரியின் நூல் மொழிபெயர்ப்பில் பீளை கட்டிய கண்ணைப் பற்றிப் பேசும் இடத்தில் இச்சொல் வருகிறது. அங்கே பாசமும் இல்லை, பழமும் இல்லை; வெறும் உடலுறுப்பு. 1590களில் ஷேக்ஸ்பியர் எழுதிய நடுவேனில் இரவுக் கனவு நாடகத்திலும் மந்திரப் பூவின் சாறு இறங்கும் இடமாகத்தான் ‘கண்ணின் ஆப்பிள்’ வருகிறது.

பாசம் சேர்ந்ததில் விவிலியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உபாகமம் 32:10இல் கடவுள் தம் மக்களைக் கண்ணின் பாவைபோல் காத்தார் என்று வருகிறது. அங்கே எபிரேய மூலத்தில் இருப்பது ‘இஷோன்’, அதாவது கண்ணிலுள்ள சின்ன மனிதன். எதிரே நிற்பவரின் விழியில் நம் உருவம் குட்டியாகத் தெரிகிறதே, அதுதான். லத்தீனின் ‘பூபில்லா’வும் கிரேக்கத்தின் ‘கோரே’யும் சிறுமியையும் குறிக்கும், கண்பாவையையும் குறிக்கும். நம் ‘பாவை’யும் அப்படியே. “கருமணியிற் பாவாய்நீ போதாய்” என்று 1123ஆம் குறளில் காதலன் தன் கண்ணுக்குள் இருக்கும் பாவையிடம், என்னவளுக்கு இடம் இல்லை, நீ எழுந்து போ என்கிறான். இதைவிட அழகான பாசச் சொல் எந்த மொழியில் இருக்கிறது! 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் ஆங்கில விவிலியம் அந்தச் சின்ன மனிதன் இருந்த இடத்தில் ‘ஆப்பிள்’ என்று வைத்தது. தமிழ் விவிலியம் ‘கண்மணி’ என்றது.

அப்புறம் கண்பாவைக்கு ‘பியூப்பில்’ என்ற லத்தீன் வழிச் சொல் மருத்துவத்துக்கும் பேச்சுக்கும் வந்து நிலைத்துவிட்டது. ஆப்பிளின் விழிப் பொருள் இந்த ஒரு தொடரில் ஒதுங்கிக்கொண்டது. ஆங்கிலம் பேசுபவர்களே இன்று பழத்தைத்தான் நினைக்கிறார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கித் அண்ட் கின்’ (உற்றார் உறவினர்) என்பதில் ‘கித்’ என்ற சொல்லே தனியாக வழங்குவதில்லை. தமிழகப் பேச்சில் ‘தோட்டம் துரவு’ என்பதன் ‘துரவு’ இந்த வகை. கிணறு என்ற பொருள் பலருக்கும் தெரியாது. ஆப்பிளோ தனியாகக் கடைத்தெருவெங்கும் இருக்கிறது, தங்கிப்போனது ஒரு பொருள் மட்டும். ஆகவே நமக்கு இரண்டு கலைச்சொற்கள் வேண்டும்.

‘எச்சம்’ வேண்டாம். பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்தில் அதற்கு நிலைத்த வேலை இருக்கிறது, மாணவர்கள் குழம்புவார்கள். ‘புதைபொருள்’ தொல்லியலுக்குப் போய்விட்டது. ‘புதைபடிவம்’ செத்ததைச் சொல்கிறது. ‘துரவு’ சாகவில்லை, தினமும் யாரோ சொல்கிறார்கள். அது வாழும் இடம் மட்டும் சுருங்கியிருக்கிறது. நீர்வாழ், நிலம்வாழ் என்று உயிரினங்களைச் சொல்வதுபோல் தொடருக்குள் வாழ்வதைத் ‘தொடர்வாழ் சொல்’ எனலாம். ஆப்பிள் வகைக்குத் ‘தொடர்வாழ் பொருள்’.

‘தொடர்ந்து வாழும் சொல்’ என்று யாராவது பிரித்துப் படிக்கலாம் என்பது நியாயமான தடை. ‘தொடருள்வாழ்’ என்றால் அது தீரும், ஆனால் நாக்கு இடறுகிறது. நான் முதல் வடிவத்தையே விரும்புகிறேன்.

ஈழத்து நண்பர்கள் ‘துரவு’ அங்கே தனிச்சொல்லாக வழங்கும் இடங்களைத் தயவுசெய்து எழுதுங்கள். எடுத்துக்காட்டைப் பதியும்போது ‘தமிழக வழக்கு’ என்று குறிப்பிட்டுவிடலாம்.

அன்புடன்