மாடியில் நாலு கணினி, கீழே ரவுட்டர்: விடுமுறை ஆட்டத்துக்கு என்ன செய்யலாம்?

மாடிவீட்டுப்பையன்

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். மே மாதம் சித்தப்பா பசங்க ரெண்டு பேரும் அத்தை பையனும் அவரவர் கணினியோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். என்னோடு சேர்த்து நாலு பேர். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6, மைன்கிராஃப்ட் ஜாவா, இந்த இரண்டும்தான் எங்கள் ஆட்டம்.

ஃபைபர் இணைப்பு கீழே முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நாங்கள் உட்காரப்போவது மாடி அறையில். நடுவில் கான்கிரீட் தளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். தீபாவளிக்கு எல்லோரும் வந்திருந்தபோது வைஃபையில்தான் ஆடினோம். இரண்டு பேர் ஆடும்வரை பரவாயில்லை. மூன்றாவது ஆள் உள்ளே வந்ததும் திக்க ஆரம்பித்தது. கதவோரம் நிற்பவனைக் குறிபார்த்துச் சுட்டால் அவன் அங்கே இல்லை, ஏற்கெனவே தாண்டிப் போயிருக்கிறான். பிங் (செய்தி போய்த் திரும்ப ஆகும் மில்லிநொடி) 8 காட்டும், அடுத்த நொடி 240, மறுபடி 11.

100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கலாமா, இல்லை பத்தாயிரம் ரூபாய்க்குக் கடையில் பார்த்த கேமிங் ரவுட்டரை வாங்கலாமா? அப்பா ஒரு தடவைதான் பணம் தருவார். சென்னையில் ஹாஸ்டலில் இருக்கும் பெரியப்பா மகனும் ராத்திரி மைன்கிராஃப்டில் சேர ஆசைப்படுகிறான். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பிங்பத்து

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். மாடியில் வைஃபையில் இருக்கும் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ரவுட்டருக்கே தொடர்ந்து பிங் ஓடவிடுங்கள். பெரும்பாலும் அதன் முகவரி 192.168.1.1ஆக இருக்கும். அதே நேரம் இன்னொரு கணினியில் யாராவது பெரிய ஃபைல் ஒன்றை இறக்கட்டும். அந்த எண்களை இங்கே போடுங்கள். ஆட்டத்துக்குள் தெரியும் பிங்கை வைத்துக் கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று சொல்ல முடியாது.

மாடிவீட்டுப்பையன்

ஓடவிட்டுப் பார்த்தேன். ரவுட்டருக்கே 3, 5, 180, 4, 6, 310 என்று வருகிறது. இடையில் ஓரிரு முறை பதிலே இல்லை.

திருப்பூர் கேபிள்காரர்

தம்பி, இந்த எண்களிலேயே விடை இருக்கிறது. ரவுட்டரைத் தொடுவதற்கே 310 மில்லிநொடி ஆகிறதென்றால் இணைய நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிளானை 300 ஆக்கினாலும் இதே திக்கல்தான். நாலு பேரும் ஒரே வீட்டுக்குள் ஒருவர் கணினியில் சர்வர் வைத்து ஆடும்போது பாக்கெட் (கணினிகள் அனுப்பிக்கொள்ளும் சின்னச் சின்னத் தகவல் துண்டு) எதுவும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. வேகமும் பெரிதாகத் தேவையில்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 எல்லாம் 2003ல் வந்தது, ஆளுக்கு ஒரு மெகாபிட்கூட எடுக்காது. பாக்கெட் ஒரே சீராகப் போய்ச் சேர வேண்டும், அதுதான் முக்கியம்.

வைஃபையில் ஒரு சேனலில் (அலைவரிசையில்) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதிலும் சர்வரும் வைஃபை, ஆடுபவரும் வைஃபை என்றால், நீங்கள் சுட்ட ஒரு தோட்டா மாடியிலிருந்து ரவுட்டருக்கு இறங்கி, அங்கிருந்து திரும்ப மாடிக்கே ஏற வேண்டும். ஒரே செய்தி காற்றில் இரண்டு தடவை போகிறது. மூன்றாவது ஆள் வந்ததும் உடைவது இதனால்தான். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது மெலிந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதே 1, 6, 11 சேனல்களில்தான் இருக்கும். பத்தாயிரம் ரூபாய் ரவுட்டரும் அதே தளத்துக்குக் கீழேதான் உட்காரப்போகிறது. வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. கீழே ரவுட்டரிலிருந்து மாடி அறைக்கு ஒரே ஒரு கேட்6 கேபிள். மேலே ஒரு கிகாபிட் ஸ்விட்ச் (ஒரு கேபிளைப் பல கணினிக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). அதிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் சின்ன கேபிள். நாலு பேருக்குள் நடக்கும் ஆட்டம் அந்த ஸ்விட்சுக்குள்ளேயே முடிந்துவிடும், கீழே இறங்கவே இறங்காது. பிங் ஒரு மில்லிநொடிக்குள் நிற்கும்.

கேபிள் வாங்கும்போது கவனம். அலுமினியக் கம்பிமேல் தாமிரம் பூசியதைப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள், அட்டைப் பெட்டியில் கேட்6 என்றே போட்டிருக்கும். ஒரு முனையைச் சீவி, உள்கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம். அது இரண்டு தடவை வளைத்தாலே ஒடியும். முழுத் தாமிரம் என்றால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்புதான்.

கேபிளைக் கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் விடாதீர்கள். மாடிப்படிச் சுவர் ஓரமாகப் பட்டை வைத்து ஏற்றுங்கள். பழைய டிஷ் கேபிள் பைப் வீட்டுக்குள்ளேயே இறங்கினால் இன்னும் நல்லது. மொட்டைமாடி வழியாக வெளியே சுற்றிக்கொண்டு போக வேண்டாம். மே மாதம் உங்கள் பக்கம் இடி மழை வரும். வெளியே கிடக்கும் தாமிரக் கம்பி வழியாக மின்னல் இழுப்பு வந்து ஸ்விட்சோடு கணினியின் போர்ட்டும் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

முனை அடிக்கத் தெரிந்தால் நீங்களே அடிக்கலாம். கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இரண்டு பக்கமும் இதே வரிசை. மாட்டிய பிறகு விண்டோஸில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000க்குப் பதில் 100 காட்டினால் நீலம் அல்லது பிரவுன் ஜோடி சரியாகக் கடிபடவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி போதும், அதனால் அந்த இரண்டு ஜோடியில் குறை இருந்தாலும் இணைப்பு வந்துவிடும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

மாடிவீட்டுப்பையன்

அண்ணா, ரொம்ப நன்றி. டிஷ் பைப் வீட்டுக்குள்தான் இறங்குகிறது, மாடி அறைச் சுவரில் துளையும் இருக்கிறது. கேபிள் போட்டால் சர்வர் தானாகத் தெரியுமா?

திருப்பூர் கேபிள்காரர்

தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விண்டோஸில் அந்த இணைப்பு "பப்ளிக்" என்று இருக்கிறதா பாருங்கள். அதைப் "பிரைவேட்" ஆக்குங்கள். ஃபயர்வாலை முழுதாக அணைக்காதீர்கள், ஆட்டத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அப்புறம், சர்வர் வைக்கும் கணினிக்கு ரவுட்டரில் மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கி வையுங்கள். பட்டியலில் வராவிட்டாலும் ஆட்டத்தின் கன்சோலில் (கட்டளை அடிக்கும் பெட்டியில்) அந்த முகவரியையும் 27015 என்ற போர்ட் எண்ணையும் (சர்வரின் வாசல் எண்) அடித்து உள்ளே வரலாம். யாராவது கெஸ்ட் வைஃபையில் இருந்தால் சர்வரைப் பார்க்கவே முடியாது, ஒன்றையொன்று பார்க்கவிடாமல் வைப்பதற்குத்தான் அது.

இரவுப்பணி

சென்னைத் தம்பி விஷயத்தை நான் சொல்கிறேன், என் வேலையே இதுதான். ரவுட்டருக்குள் போய் வெளிப்பக்க முகவரி என்ன என்று பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அப்போது ரவுட்டரில் 25565 போர்ட்டைத் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. நிலையான முகவரி கேட்டால் சில நிறுவனங்கள் மாதக் கட்டணத்துக்குக் கொடுக்கும், ஆனால் விடுமுறை ஆட்டத்துக்காக அது வேண்டாம் என்பேன். ஊர் உலகத்துக்கே போர்ட்டைத் திறந்து வைப்பதில் எனக்கு உடன்பாடும் இல்லை.

டெயில்ஸ்கேல் அல்லது ஜீரோடயர் போடுங்கள், தூரத்தில் இருக்கும் கணினிகளை ஒரே தனி வலையில் சேர்க்கும் மென்பொருள்கள் இவை. சர்வர் இருக்கும் கணினியிலும் ஹாஸ்டல் கணினியிலும் மட்டும் போதும். டெயில்ஸ்கேல் போட்டால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: மைன்கிராஃப்டின் லேன் (ஒரே வீட்டு வலை) பட்டியலில் உங்கள் உலகம் அவனுக்குத் தெரியாது. மைன்கிராஃப்ட் தன் அறிவிப்பை 224.0.2.60 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும் முகவரி) அனுப்புகிறது, டெயில்ஸ்கேல் அதைக் கடத்தாது. அவன் நேரடி இணைப்பில் உங்கள் டெயில்ஸ்கேல் முகவரியை அடித்து வர வேண்டும். "லேனுக்குத் திற" என்று ஆட்டத்துக்குள்ளிருந்தே திறந்தால் போர்ட் எண் ஒவ்வொரு முறையும் மாறலாம், திரையில் காட்டும் எண்ணை அவனுக்கு அனுப்புங்கள். தினமும் ஆடுவதானால் தனி சர்வராகவே ஓடவிடுங்கள், 25565 மாறாமல் இருக்கும்.

இன்னொன்று. சென்னைத் தம்பிக்கு மட்டும்தான் உங்கள் இணையத் தரம் முக்கியம். யாராவது போனில் படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தால் அப்லோடு நிரம்பி அவனுக்கு லேக் வரும். ரவுட்டரில் எஸ்க்யூஎம் (இணைப்பு நிரம்பி வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால் அதைப் போட்டு, அளந்து பார்த்த வேகத்தில் தொண்ணூறு சதவீதம் அளவுக்கு வரம்பு வையுங்கள். இல்லையென்றால் ஆடும் நேரத்தில் போன் பேக்கப்பை நிறுத்துங்கள்.

மாடிவீட்டுப்பையன்

பார்த்தேன் அக்கா, 100.72 என்றுதான் தொடங்குகிறது. டெயில்ஸ்கேலே போடுகிறேன். கேபிளுக்கும் ஸ்விட்சுக்கும் அப்பா சரி சொல்லிவிட்டார். ஸ்விட்ச் 5 போர்ட் போதுமா அண்ணா?

திருப்பூர் கேபிள்காரர்

கீழேயிருந்து வரும் கேபிளுக்கு ஒன்று, நாலு கணினிக்கு நாலு. 5 போர்ட் அதோடு நிரம்பிவிடும். 8 போர்ட்டே வாங்குங்கள், விலை வித்தியாசம் கொஞ்சம்தான். பெட்டிமேல் கிகாபிட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், 10/100 வாங்கி வந்துவிடாதீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஸ்விட்ச், ரவுட்டர் இரண்டையும் அந்த பிளக்கில் செருகுங்கள்.